செல்லத்தாய் கூட்டிக்கொண்டு போன இடங்கள்

அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே, வாழைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் இருக்கிறது செல்லத்தாயின் வீடு. அரசுத் தொடக்கப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்றவள். நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு உலை வைத்துப் பழகிய கை அது. வீட்டில் இரண்டு பேருக்கு அரிசி போட அந்தக் கைக்குத் தெரியவில்லை. அவளும் கணவர் முத்துநாயகமும் மட்டும் இருக்கிற நாளில்கூட ஒரு குண்டான் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். மீதியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு தெருவில் நாலு வீடு ஏறி இறங்குவாள்.

"கை நிக்க மாட்டேங்கு மக்கா, நான் என்ன செய்யட்டு" என்பாள்.

முத்துநாயகம் அதைக் கண்டுகொள்வதில்லை. அவருக்கு வாழை உண்டு, வானொலி உண்டு. ஒரே சாம்பாரை மூன்று வேளையும் சாப்பிடுகிற பொறுமையும் உண்டு.

பள்ளி விடுமுறை விட்டால்தான் அந்தக் குண்டானுக்கு நியாயம் கிடைக்கும். மகள் சஜிதா நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அவளுடைய பெண்கள் ரேஷ்மியும் அஜிதாவும் வருவார்கள். மகன் சுயம்பு மஸ்கட்டில் வேலையில் இருக்கிறான், மனைவியும் பிள்ளைகளும் நாகர்கோவிலில். அவனுடைய பையன்கள் அபிலாஷும் வினோஜும் வருவார்கள். நாலு பேரையும் காலையில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி ஆச்சி பேர் கூப்பிடுவாள். "உள்ளேன் ஆச்சி" என்று சொன்னவர்களுக்குத்தான் தோசை. சொல்லாமல் தூங்கி வழிகிறவர்களுக்கும் தோசை உண்டு, ஆனால் கடைசியில்.

லீவென்றால் வீட்டில் கிடப்பதற்கு அல்ல என்பது செல்லத்தாயின் கட்சி. கன்னியாகுமரி மாவட்டத்தில் விடுமுறைக்கும் பஞ்சம் இல்லை. மாநிலம் முழுக்கப் பள்ளி நடக்கும் நாளில் இங்கே ஏதாவது ஒரு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ உள்ளூர் விடுமுறை விட்டிருப்பார்கள். ஆச்சி காலண்டரில் அந்த நாட்களைச் சுற்றி வட்டம் போட்டு வைப்பாள். சுசீந்திரம் தேர், கோட்டாறு திருவிழா, சாமித்தோப்பு, முட்டம் கடற்கரை என்று நாலு பிள்ளைகளையும் பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

அப்படித்தான் ஒரு மாசி மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போனார்கள். ரேஷ்மிக்கு அப்போது பதினொரு வயது. கடைக்குட்டி அஜிதாவுக்கு ஐந்து. திரும்பும் வழியில் நாகர்கோவிலில் சஜிதா வீட்டில் இறங்கியதும் அவளுக்கு அந்தக் கதை நாலு வாயிலிருந்து நாலு விதமாகக் கிடைத்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இதுதான்.

கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடக் கூடாது என்று ஆச்சி ஒரே துணியில் நாலு பேருக்கும் சட்டையும் பாவாடையும் தைத்திருந்தாள். மாம்பழ மஞ்சள், அதில் பெரிய பெரிய சிவப்புப் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் நாலு திரைச்சீலை நடந்து வருவது மாதிரி இருக்கும். அபிலாஷ் பஸ்ஸில் முழு வழியும் தலையைக் குனிந்தே வந்தானாம்.

அம்மனைக் கும்பிட்டாயிற்று. மண்டையப்பம் வாங்கித் தின்றாயிற்று. வெளியே வந்தால் கடற்கரைப் பக்கம் பெண்கள் வரிசையாகக் கல் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தியின் பானை அடி பிடித்துப் புகைந்தது. செல்லத்தாய் எதைப் பார்த்தாலும் பொறுப்பாள், அடி பிடிக்கிற பானையைப் பார்த்தால் பொறுக்க மாட்டாள்.

"இங்கயே நில்லுங்க, நான் இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் அந்தப் பெண்ணின் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். அங்கே தீயைக் குறைத்துக் கிளறிக் கொடுத்ததும், பக்கத்துப் பானைக்காரி "எனக்கும் கொஞ்சம் பாருங்க அம்மா" என்றாள். அதற்கு அடுத்தவளும் கேட்டாள். அப்படியே அடுப்பு அடுப்பாக ஆச்சி கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டாள்.

அரை மணி நேரம் நின்று பார்த்த ரேஷ்மி, தம்பி தங்கைகளைக் கைகோத்து வரிசையாக நடத்திக்கொண்டு போலீஸ் உதவி மையத்துக்குப் போனாள்.

"எந்தப் பிள்ள தொலஞ்சிட்டு?" என்று கேட்டார் அங்கிருந்த ஏட்டு.

"பிள்ளைங்க யாரும் தொலையல சார். நாங்க நாலு பேரும் இருக்கோம். ஆச்சியத்தான் காணல."

ஏட்டு நாலு மஞ்சள் சட்டைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார். "அஞ்சுகிராமத்திலிருந்து வந்த செல்லத்தாய் என்ற அறுபத்துமூன்று வயதுப் பாட்டியைக் காணவில்லை. பச்சைச் சேலை உடுத்தியிருக்கிறார். பேரப்பிள்ளைகள் இங்கே பத்திரமாக இருக்கிறார்கள். பாட்டி எங்கிருந்தாலும் உடனே வரவும்." இரண்டு முறை சொன்னார். ஆள் வரவில்லை. அப்போது அஜிதா எட்டி மைக்கைப் பிடித்து, "ஆச்சி, வினோஜுக்கு ஒண்ணுக்கு வருது, சீக்கிரம் வா" என்றாள். அது கடல் வரைக்கும் கேட்டது.

ஐந்தே நிமிஷத்தில் செல்லத்தாய் வந்து சேர்ந்தாள். கையில் யாருடையதோ அகப்பை. பின்னால் பொங்கலோடு மூன்று பெண்கள்.

"நான் எங்க தொலஞ்சேன்? நான் சொன்ன எடத்துல நிக்காம நீங்கல்லா தொலஞ்சிட்டீங்க" என்று பிள்ளைகளைத் திட்டினாள். பிறகு ஏட்டைப் பார்த்து, "எனக்கு அறுபத்தொண்ணுதான் ஆவுது சார், ரெண்டு வயசக் கூட்டி ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே" என்றாள். ஏட்டுக்கும் ஒரு இலையில் பொங்கல் கிடைத்தது.

சஜிதா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வினோஜ் ஏட்டு மாதிரிப் பேசிக் காட்டினான், அஜிதா மறுபடியும் கூவிக் காட்டினாள். செல்லத்தாய் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, தன் கதையைத் தானே ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்குகிற நேரத்தில்தான் அது சஜிதாவின் வாயிலிருந்து வந்தது. வர வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை.

"இதுங்களக் கூட்டிட்டு நீ போவாத எடம் இல்ல. எங்க ரெண்டு பேரையும் எங்கயாவது ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியாம்மா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடிக்கும்போது அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. செல்லத்தாய் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது, "வாறேன் மக்கா" என்று மட்டும் சொன்னாள்.

சஜிதாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சரியாகத் தூக்கம் இல்லை. போன் பண்ணினாள். அம்மா வாழைக்குலை வெட்டினதைப் பற்றிப் பேசினாள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள். அந்தப் பேச்சைத் தொடவே இல்லை. இவளுக்கும் அதை எடுக்கத் தைரியம் வரவில்லை.

மே மாதக் கடைசி. அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துவிட்டது. நாலு பிள்ளைகளும் நாகர்கோவிலில் சஜிதா வீட்டில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் செல்லத்தாய் நின்றாள். ஒரு கையில் பெரிய தூக்குச்சட்டி, தோளில் துணிப்பை. பின்னால் முத்துநாயகம், கக்கத்தில் குடையோடு.

"கெளம்பு" என்றாள் செல்லத்தாய்.

"எங்கம்மா? பிள்ளைங்க ஒண்ணும் எழும்பல."

"பிள்ளைங்க வேண்டாம். அதுங்கள அப்பா பாத்துக்கிடுவாவ. நீ ஒரு மாத்துச் சேலைய எடுத்துட்டு வா. திற்பரப்புக்குப் போறோம்."

சத்தம் கேட்டு எழுந்து வந்த ரேஷ்மிக்கு நம்ப முடியவில்லை. "எங்கள விட்டுட்டா போற ஆச்சி?"

"ஆமா. இன்னைக்கு எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் ஆச்சி.

பஸ்ஸில் ஜன்னலோரத்தை மகளுக்குக் கொடுத்தாள். சஜிதாவுக்கு நாற்பத்தோரு வயது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஜன்னல் வழியே எதையும் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. தக்கலை தாண்டியதும் ரப்பர் மரங்கள் தொடங்கின. குலசேகரம் வந்தபோது தூறல் விழுந்தது. அம்மா பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டே வந்தாள்: முறுக்கு, மட்டிப்பழம், பிறகு ஒரு புளிப்பு மிட்டாய்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கேட்டுக்கொண்டே சஜிதா மிட்டாயை வாயில் போட்டாள்.

அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. பெண்கள் குளிக்கிற பக்கம் படியில் உட்காரவைத்து, செல்லத்தாய் மகளின் கொண்டையை அவிழ்த்தாள். பாட்டிலில் கொண்டுவந்த தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்தாள். அவள் விரல்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல் நடந்தன. சிறுவயதில் அம்மா தலை வாரிவிட்டது சஜிதாவுக்கு ஞாபகம் இருந்தது. ஏழு மணிக்குள் பள்ளி அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று இழுத்துக் கட்டுவாள். கண்ணே மேலே ஏறிவிடும்.

"அன்னைக்குக் கேட்டல்லா" என்று செல்லத்தாய் பின்னாலிருந்து ஆரம்பித்தாள்.

"அது சும்மா வெளயாட்டுக்கும்மா. நீ அதையா நெனச்சிட்டு இருக்க?"

"இரி, சொல்லட்டு. மத்த மாசமெல்லாம் பள்ளிக்கூடம். மே மாசம் சத்துணவு கெடையாது, அதனால அண்டியாபீஸ். ஞாபகம் இருக்கா? முந்திரிக்கொட்ட ஒடச்சு ஒடச்சு கையெல்லாம் கருத்துப் போயிருக்கும். ராத்திரி ஒன் தலையத் தொட வந்தா, கறை ஒட்டும்னு நீ ஓடிப் போவ."

சஜிதாவுக்கு ஞாபகம் வந்தது. முந்திரி ஆலையின் அந்தக் காட்டமான நெடியும், தோல் உரிந்து கறுத்த விரல்களும். தான் ஓடியதை மட்டும் எப்படியோ மறந்திருந்தாள்.

"சுயம்பு கேப்பான், அழுவான், தரையில உருளுவான். அவனையாவது ரெண்டு தடவ தேருக்குக் கூட்டிட்டுப் போனேன். நீ ஒண்ணுமே கேக்க மாட்ட. கேக்காத பிள்ளைய எளுப்பமா விட்டுட்டுப் போயிரலாம் பாத்துக்க. அன்னைக்குத்தான் மொதத்தடவையா எங்கிட்ட ஒண்ணு கேட்ட. எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துது. என்ன, கொஞ்சம் அழுக வந்துது. அதான் பாத்திரம் கழுவப் போனேன்."

சஜிதா திரும்பவில்லை. திரும்பினால் இரண்டு பேரும் அழுதுவிடுவார்கள் என்று தெரிந்தது. கையைப் பின்னால் நீட்டினாள். "எண்ணெய இங்க கொஞ்சம் ஊத்து. ஒனக்கும் தேச்சு விடுகேன்" என்றாள்.

பிறகு இருவரும் அருவிக்குள் போனார்கள். தண்ணீர் முதுகில் அறைந்ததும் செல்லத்தாய் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத பெண்களுக்கு நடுவே, மூச்சு வாங்கச் சிரித்தாள். வெளியே வரச் சொல்லி சஜிதா மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். புளிச்சோறு இருபது பேருக்கு இருந்தது. பக்கத்துப் பாறையில் நர்சிங் கல்லூரிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாய் மகளைப் பார்த்தாள்.

"போ, போய்க் குடு. நீதான் பரிமாறணும்" என்றாள் சஜிதாவிடம்.

சஜிதா வாழையிலைத் துண்டுகளில் சோறு வைத்துக் கொடுத்தாள். ஒரு பெண் இரண்டாம் முறை கேட்டுவிட்டு, "அக்கா, உங்க அம்மா இப்படித்தான் எப்பவும் எல்லா எடத்துக்கும் உங்களக் கூட்டிட்டு வருவாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா, இப்பதான் ஆரம்பிச்சிருக்காவ" என்றாள் சஜிதா.

வீட்டுக்குத் திரும்பியபோது பிள்ளைகள் நாலு பேரும் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்கள். பாட்டா மத்தியானம் ரொட்டியும் பழமும் கொடுத்தாராம். ராத்திரிக்கும் அதையேதான் கொடுப்பதாக இருந்தாராம். செல்லத்தாய் சேலைத் தலைப்பைக் கூட உலர்த்தாமல் நேராக அடுக்களைக்குள் போனாள்.

அந்த வருஷக் கடைசியில் சுயம்பு மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். அக்காவை மட்டும் திற்பரப்புக்குக் கூட்டிப் போன கதையைக் கேட்டதும், முப்பத்தெட்டு வயது ஆள், "அப்போ எனக்கு?" என்று சண்டைக்கு வந்தான். செல்லத்தாய் அவனைப் பேச்சிப்பாறை அணைக்குக் கூட்டிப் போனாள். பெண்டாட்டியும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம், நானும் அம்மாவும் மட்டும் என்று அவன் சொன்னதை அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இப்போது செல்லத்தாய்க்கு அறுபத்தெட்டு. ரேஷ்மி கல்லூரிக்குப் போகிறாள். காலண்டரில் வட்டங்கள் குறையவில்லை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு பேர் எழுதியிருக்கும், அந்த நாள் யாருடைய முறை என்று. வருஷத்தில் இரண்டு வட்டம் சஜிதாவுக்கு. மருந்துக்கடை முதலாளியிடம் அந்த இரண்டு நாளையும் ஜனவரியிலேயே சொல்லி வைத்துவிடுகிறாள்.

போன பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தபோது புதுக் காலண்டரைச் சுவரில் மாட்டி, செல்லத்தாய் பேனாவோடு நின்றாள். பிள்ளைகள் தங்கள் தங்கள் நாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். முத்துநாயகம் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த வட்டக்கோட்ட இருக்குல்லா" என்றார். "கடலோரம். பக்கந்தான். நான் உள்ள போயி பாத்ததே இல்ல."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்துமூன்று வருஷமாக அந்தக் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மனுஷர்.

"எந்த நாள் வேணும்?" என்று கேட்டாள் செல்லத்தாய், காலண்டரைப் பார்த்தபடியே.

"நாளைக்குன்னா நாளைக்கு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு அவர் வாசலில் தயாராக நின்றார். சஜிதா குடையை எடுத்துக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றார். வெயில் நல்லதுதான் என்றார். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள், செல்லத்தாய் முன்னால், அவர் ஒரு எட்டுப் பின்னால்.