மேட்டில் திணறிய கார்

நான் அவ்வப்போது அளந்துவிடுகிற ஆள்தான். மனைவியைக் கேட்டால் அத்தனையையும் புட்டுப்புட்டு வைப்பாள். ஆனால் இதை மட்டும் அவளே மறுக்கமாட்டாள். அவளும் அந்தக் காரில் இருந்தாள்.

அன்று அவளுக்கு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரி இருப்பதோ மலைமேல். மைத்துனன் புதிதாக வாங்கிய பழைய காரை எடுத்துக்கொண்டு, அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினேன். உச்சி வெயில். அடிவாரத்தில் ஏசியைப் போட்டேன். ஜில்லென்று ஆகிவிட்டது. பரவாயில்லை, பயல் நல்ல வண்டியாகத்தான் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன்.

முதல் வளைவிலேயே கார் திணறியது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஏசியின் கம்ப்ரசரைச் சுழற்றுவதும் இன்ஜின்தான். சக்கரத்துக்குப் போகிற பலத்தில் அது பங்கு கேட்கும். மேட்டில் ஏசியை அணைத்தால் வண்டி துள்ளிக்கொண்டு ஏறும். காலமெல்லாம் லாரி ஓட்டியவனுக்கு இது தெரியாதா?

அணைத்தேன்.

கார் துள்ளவில்லை. குளிரும் குறையவில்லை. கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படர்ந்தது...

"ஏசிய நிறுத்துங்களேன்" என்றாள்.

"நிறுத்தியாச்சு."

அடுத்த வளைவு. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். ஊஊர்ர்ர்... இன்ஜின் அலறியது. கார் மாட்டுவண்டியாக ஊர்ந்தது. பின்னால் அவள் மூச்சு விசிலடித்தது. இங்கே நின்றுபோனால் அவள் பிழைக்கமாட்டாள்.

"பக்கத்துல இருக்கறவரு கை... ரொம்ப ஜில்லுனு இருக்குங்க."

திரும்பிப் பார்த்தேன். அவள் மட்டும்தான். ஆனால் ஓரமாக ஒதுங்கியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சீட் அமுங்கியிருந்தது.

லாரியில் தொற்றி வருகிறவர்களிடம் மேட்டில் வழக்கமாகச் சொல்வதுதான் வாயில் வந்தது.

"ஐயா... மேட்டுல வண்டி இழுக்கல. கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?"

க்ளக்.

கதவு திறந்தது.

டப்.

மூடிக்கொண்டது.

கார் துள்ளியது.

அவள் பிழைத்துவிட்டாள். காரை எடுத்துப்போக மைத்துனன் பஸ்ஸில் வந்தான். உன் ஏசி பிரமாதம் என்றேன். அவன் விழித்தான். பானட்டைத் திறந்து காட்டினான். கம்ப்ரசர் இருக்க வேண்டிய இடம் காலி.

"கழட்டிட்டுத்தான் மாமா வித்தாங்க."

கட்டிலில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன். அந்த ஆள் இறங்கும்போது ஏதாவது சொன்னாரா?

"ம். நீ திரும்பி வரும்போது ஏறிக்கறேன்னாரு."

மலையிலிருந்து இறங்க அந்த ஒரு ரோடுதான். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே வீடு பார்த்துக் குடியேறிவிட்டோம். மைத்துனன் பஸ்ஸிலேயே திரும்பிப் போனான். கார் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது.

நேற்று நல்ல வெயில். அதன் பின்பக்கக் கண்ணாடியில், உள்பக்கமாக, பனி படர்ந்திருந்தது.