மக்குப் பையனின் அப்பா

ஏழாம் வகுப்பில் என்னைப் புத்திசாலி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பிடிபட்ட திருடனைப் போல முழித்தேன்.

மைசூரில் மண்டி மொஹல்லாவை ஒட்டியிருந்த பள்ளிக்கூடம். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், கணக்கு மிஸ் கட்டமும் வட்டமுமாகப் புதிர்கள் நிறைந்த தாளைக் கொடுத்து, அடுத்து என்ன வரும் என்று குறிக்கச் சொன்னார். பாதியை யோசித்துக் குறித்தேன். மீதிக்குச் சாமி மேல் பாரத்தைப் போட்டேன். சாமி என்னைவிடக் கெட்டிக்காரர் போலிருக்கிறது. பள்ளிக்கே நாலு பேரைப் பொறுக்கியதில் நான்தான் முதல் ஆள். இனி சாயங்காலங்களில் உங்களுக்குத் தனி வகுப்பு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார் மிஸ்.

அப்பா கொத்தனார். சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மணல், செங்கல், சிமெண்ட் வரைக்கும் கன்னடம் பேசுவார். அதற்கு மேல் ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, அவருக்கு நான்தான் வாய். அன்றும் சட்டையெல்லாம் சிமெண்டாக வந்து மிஸ் முன்னால் கைகட்டி நின்றார். மிஸ் கன்னடத்தில் என்னைப் புகழ்ந்து தள்ளினார். தள்ளிவிட்டு, "ஹேளப்பா, அப்பனிகெ ஹேளு" என்று, அத்தனையையும் அப்பாவுக்குச் சொல்லும் பொறுப்பை என்னிடமே விட்டார்.

என் பெருமையை என் வாயாலேயே மொழிபெயர்க்க வேண்டும்! "ஸ்பெஷல் கிளாஸ்ல சேரணுமாம்ப்பா" என்பதோடு நாக்கு நின்றுவிட்டது.

"எதுக்குடா? படிப்பு ஏறலியா?"

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த தனி வகுப்பு அது ஒன்றுதான்: மக்குப் பையனை வாத்தியார் பிடித்து உட்கார வைப்பது. புத்திசாலி என்று சொன்னால் அப்பா சித்தாள் முதல் மேஸ்திரி வரை எல்லோரிடமும் சொல்லிவிடுவார். நாளைக்குச் சாமி கைவிட்டால் என் கதி? மக்கு என்றால் யாரும் நிரூபிக்கச் சொல்வதில்லை. தலையை ஆட்டினேன்.

அப்பா மிஸ்ஸைக் கும்பிட்டார். "எப்பிடியாச்சும் கரையேத்தி வுடுங்கம்மா." அவர் நன்றி சொல்கிறார் என்று நினைத்து மிஸ் சிரித்தார்.

அதன்பின் வேலை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்துவிடுவார். மற்ற அப்பாக்கள் நெஞ்சை நிமிர்த்திக் கூடி நிற்க, இவர் மட்டும் சுவரோரமாகத் தள்ளி நிற்பார். அழுக்குச் சட்டைக்காகக் கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தருவார். கேரியரில் உட்கார்ந்து நான் தின்ன, "ஒரு வரிசைக்கு எட்டு செங்கல்னா மூணு வரிசைக்கு எத்தன? மெதுவாச் சொல்லு, அவசரமில்ல" என்பார். என் மக்குத்தனத்தைக் காப்பாற்றிக்கொள்ள இருபத்திரண்டு என்பேன். "கிட்ட வந்துட்டடா!" என்று குதூகலிப்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு சாயங்காலம் நான் வெளியே வந்தபோது, பாங்கியில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவருக்கு அப்பா ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மகனும் எங்கள் நால்வரில் ஒருவன்.

"மனச வுட்றாதீங்க சார். எம்பையனும் இப்பிடித்தான். கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."

"என்ன சார், தமாஷ் பண்றீங்களா?" வாசலே திரும்பிப் பார்க்கும்படி அவர் சிரித்தார். "ஸ்கூலுக்கே நாலு புத்திசாலிங்கதான். அதுல உங்க பையன் ஃபர்ஸ்ட்டு! வீட்ல சொல்லவே இல்லியா?"

அப்பா என்னைப் பார்த்தார். காது மடல்வரை சூடேறியது எனக்கு. அடி விழும் என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன். விழவில்லை.

சைக்கிள் கொஞ்ச தூரம் போனபின், முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நெசமாவே கெட்டிக்காரனாடா நீ?"

"ஆமாப்பா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அப்ப நான் வந்து நிக்க வேண்டியதில்ல. அப்பிடித்தான?"

கோபம் அவ்வளவுதான் என்று எனக்குப் போன உயிர் வந்தது. அலுத்து வருகிறவருக்கு ஒரு வேலையைக் குறைக்கிறோம் என்ற பெருமை வேறு.

"வேண்டாம்ப்பா, நானே வந்துருவேன்" என்றேன், உற்சாகமாக.

ஏற்றமே இல்லாத ரோட்டில் அப்பா ஏன் இவ்வளவு மெதுவாக மிதிக்கிறார் என்று யோசித்தபடி, பின்னால் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு வந்தேன்.