முதற்பாதிச் சனி

எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணியின் தோல்விகளுக்கு நானே காரணம் என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பியிருந்தேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது. ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டத் தெரியாத ஒருவன், வளர்ந்த ஆம்பிளைகளை வாரம்தோறும் மண் கவ்வ வைக்கிறான் என்றால் சும்மாவா?

நான் இரண்டு கண்ணாலும் பார்த்தால் எதிரணி கோல் போட்டது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன்; போட்டது. மற்றக் கண்ணைப் பொத்தினேன், இரண்டு போட்டது. தற்செயலாக ஒரு ஆட்டம் சமநிலையில் முடிந்தபோது, அன்று போட்டிருந்த நீலக் காற்சட்டைதான் ராசி என்று கண்டுபிடித்து, அதைத் துவைக்கவிடாமல் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தேன். அம்மா மணத்தை வைத்தே இடத்தைப் பிடித்து, ஒரு தடியின் நுனியில் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சவர்க்காரத்தில் ஊறப்போட்டுவிட்டார். அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினோம். "இப்ப சந்தோசமோ?" என்று அம்மாவைக் கேட்டேன். நான் எதைப்பற்றிக் கதைக்கிறேன் என்றே அவருக்கு விளங்கவில்லை.

வளர்ந்தவர்கள் என்னைவிடத் திறம் என்று சொல்லமுடியாது. சண்டிலிப்பாய்க்கும் பண்டத்தரிப்புக்கும் நடுவில், புகையிலைத் தோட்டங்களுக்கு இடையே இருந்தது எங்கள் மைதானம். எங்கள் கோல் தெற்கே பார்க்கிறது, அது யமனின் திசை என்று யாரோ சொன்னதும் கம்பங்களைப் பிடுங்கித் திருப்பி நட்டார்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றதையும் திருப்பவேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. சில கிழமை இரண்டு கோல்களும் கோபித்துக்கொண்ட புருசன் பெண்சாதிபோல வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு தோஷம் கழிக்கக் கோல் வாசலில் தேசிக்காய் வெட்டினார்கள். அன்று எங்கள் பந்துக்காப்பாளர் அந்தத் தேசிக்காயில் சறுக்கி விழுந்துதான் முதல் கோல் போனது. கனடாவிலிருந்த பழைய கழகக்காரர்கள், பச்சை நிறம் சரியில்லை என்று மஞ்சள் ஜேர்சி அனுப்பினார்கள். நிறம் ராசியோ தெரியாது, அளவு கனடா அளவு. எங்கள் ஆட்கள் முழங்கால்வரை மஞ்சளாக ஓடித் தோற்றார்கள்.

வாங்கிய கோல்களில் அனேகமானவை இடைவேளைக்கு முன்பே வாங்கியவை. அதற்கு ஊரில் ஒரு பெயரும் இருந்தது: முதற்பாதிச் சனி. இரண்டாம் பாதியில் சனி விலகிவிடும், எங்கள் ஆட்கள் சரிக்குச் சரி நின்று ஆடுவார்கள். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

திசையையும் நிறத்தையும் ஆராய்ந்தவர்கள் ஒன்றை மட்டும் ஆராயவில்லை. முதற்பாதியில் எங்கள் அணியில் பத்துப் பேர்தான் ஆடினார்கள்.

அணித்தலைவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர் பெரியம்மா. பெரியம்மாவின் ஒரே மகனை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். இடப்பக்கத்தில் ஓடுவதற்கு அவனைப்போல ஆள் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்பார்கள். அவனிடம் ஒரே ஒரு குறை, நேரத்துக்கு வரமாட்டான். பண்டத்தரிப்பில் வெல்டிங் கடையில் வேலை; முதலாளி விட்டால்தான் வரலாம். ஆகவே பெரியம்மா அவனுடைய ஜேர்சியையும் சப்பாத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுவந்து இடது கோட்டருகே நிற்பார். "அவன் வருவான், நீங்கள் தொடங்குங்கோ" என்பார். மாமா பத்துப் பேரோடு தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் ரோட்டில் சைக்கிள் தெரியும். சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று சட்டை மாற்றி, கயிறு கட்டியும் கட்டாமலும் அவன் உள்ளே ஓடுவான்.

நாட்டில் சண்டை முடிவதற்கு முந்திய வருடம் ஒரு பின்னேரம், கடையிலிருந்து மைதானத்துக்கு வெளிக்கிட்டவன் வந்துசேரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அன்றும் பத்துப் பேரோடு தொடங்கி, இடைவேளைவரை ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வேறொருவனை இறக்கினார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா போகாத முகாம் இல்லை, படத்தை நீட்டாத ஆள் இல்லை. சண்டை முடிந்து போட்டிகள் திரும்பத் தொடங்கிய முதல் நாள், அவர் பையோடு வந்து இடது கோட்டருகே நின்றார். மாமா அவரைப் பார்த்தார். பத்துப் பேரை இறக்கினார். அன்று இறக்கியபிறகு அடுத்தமுறை எப்படிப் பதினொன்றை இறக்குவது? யார் போய் அவரிடம் சொல்வது?

உதைபந்தாட்டம் என்றாலே முதற்பாதி பத்து, இரண்டாம் பாதி பதினொன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். எதிரணியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப்பார்க்கிற அளவுக்கு என் கணக்குத் தேறியிருக்கவில்லை.

அந்த வருடம் கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் தொடரில் இருக்கலாம் என்ற நிலை வந்தது. தோற்றால் வெளியே. வெளியே போனால் பெடியள் பக்கத்து ஊர்க் கழகத்துக்குப் போய்விடுவார்கள். கழகம் இல்லையென்றால் நிலத்தை உழுது புகையிலை நடப்போவதாக மைதானத்துக் காணிக்காரர் வேறு சொல்லிவிட்டார். கழகமும் போய், பெரியம்மா நிற்பதற்கு ஒரு கோடும் இல்லாமல் போகப்போகிறது. மாமா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நான் நீலக் காற்சட்டையை மறுபடி ஒளித்துவைத்தேன்.

அந்தக் கிழமை பயிற்சியின்போது பந்துக்காப்பாளர் மாமாவிடம் வாயைத் திறந்தார். அவர் ஒரு மேசன். சுவர்போல நிற்பார், சுவர்போலத்தான் பந்துக்கும் அசைவார்.

"அண்ணை, சனி சனி எண்டு சும்மா கத்திறம். சனி என்ன செய்யும்? கெட்டகாலத்தை நாங்கள்தானே கூலிக்குப் பிடிச்சு இடப்பக்கத்திலை நிப்பாட்டி வைச்சிருக்கிறம்."

"பந்தை எடு" என்றார் மாமா.

"பத்துப் பேரோடை தொடங்கினால் பிள்ளையார் வந்து கோலை அடைச்சுக்கொண்டு நிண்டாலும் மூண்டு வாங்குவார். முதலே பதினொரு பேரை இறக்குவம். அக்காட்டை உங்களாலை சொல்லேலாட்டி நான் சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவாய்? அவன் இனி வரமாட்டான் எண்டோ? நீ கண்டனியோ?"

பந்துக்காப்பாளர் கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டார். அப்போதுதான் வேலியோரத்தில் கட்டியிருந்த பசுவைப் பெரியம்மா அவிழ்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டோம். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. "வா பிள்ளை, பொழுதுபடப்போகுது" என்று பசுவோடு மட்டும் கதைத்துக்கொண்டு போனார்.

அன்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்காட்டைக் கேட்டுப் பாரன்" என்றார் அம்மா.

"கேட்டால் ஓம் எண்டுவா. அதுதான் எனக்குப் பயம்."

ஓம் என்று சொன்னால் நல்லதுதானே, இதற்கு ஏன் பயம் என்று நான் இடையில் புகுந்து கேட்டேன். படிக்கப்போ என்று துரத்திவிட்டார்கள்.

ஆட்டத்தன்று நீலக் காற்சட்டையோடு மைதானத்துக்குப் புறப்பட்ட என்னைப் பெரியம்மா தன் படலையடியில் நின்று கூப்பிட்டார். கையில் அந்தப் பை.

"தம்பி, இதை மாமாட்டைக் குடு. எனக்குத் தலையிடி எண்டு சொல்லு."

"நீங்கள் வரேல்லையோ?"

"வரேல்லை எண்டு சொல்லு. பையை நிலத்திலை வையாதை, என்ன."

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. பெரியம்மாவின் பதவி எனக்கு வந்துவிட்டதென்றே நினைத்தேன். தலையிடி இன்னும் சில கிழமை நீடித்தால் நல்லது என்றும் ஒரு யோசனை ஓடியது. மைதானத்துக்குப் போய், நேரே இடது கோட்டருகே அவர் நிற்கும் இடத்தில், அவர் நிற்பதுபோலவே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ரோட்டையும் ஒருமுறை பார்த்தேன். அது அந்த வேலையில் சேர்ந்தது என்று எனக்கு எண்ணம்.

மாமா ஓடிவந்தார். "பெரியம்மா எங்கை?"

"தலையிடியாம், வரேல்லையாம். உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ."

அவர் பையைத் திறந்தார். பழைய பச்சை ஜேர்சி துவைத்து மடிப்புக் குலையாமல் இருந்தது. சப்பாத்து மண் இல்லாமல் துடைத்திருந்தது. அதன் கயிறுகள் எப்போதும் அவிழ்ந்துதான் கிடக்கும், அண்ணை வந்தவுடன் காலை நுழைப்பதற்காக. இன்று புதுக் கயிறு கோத்துக் கட்டியிருந்தது. மாமா அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு குந்திவிட்டார். மத்தியஸ்தர் விசில் ஊதிக் கூப்பிட்டார். மாமா எழும்பி, ஜேர்சியைத் தன் மஞ்சள் ஜேர்சிக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு, வழக்கமாக இடைவேளைக்குப் பிறகு இறங்கும் பெடியனைக் கூப்பிட்டுச் சப்பாத்தை நீட்டினார்.

"இதைப் போடு. இறங்கு."

"அண்ணை, நான் என்ரை சப்பாத்தோடையே…"

"போடடா. அனுப்பினதே அதுக்குத்தான்."

பெடியனின் சப்பாத்து வாய்பிளந்த சப்பாத்து. இருந்தாலும் அந்த முடிச்சை அவிழ்க்கமுதல் அவன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். போட்டுப் பார்த்தால் அளவாக இருந்தது. அதற்கு அவன் வெளிறிப்போனான்.

முதல் விசிலுக்கே பதினொரு பேர். என் வாழ்க்கையில் முதல்தடவையாக முதற்பாதி கோல் இல்லாமல் முடிந்தது. நான் இரண்டு கண்களையும் துணிந்து திறந்துவிட்டேன். இரண்டாம் பாதியின் கடைசியில் அந்தப் பெடியன் இடது கோட்டோடு ஓடி, நான் நின்ற இடத்துக்கு முன்னால்தான் பந்தை உள்ளே உயர்த்தினான். மாமா தலையால் முட்டினார். கோல்!

கத்தியது நான் ஒருவன்தான். குதித்தேன், ஒரு செருப்பு புகையிலைக்குள் பறந்தது. திரும்பிப் பார்த்தால் மாமா தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். கடைசி விசில் ஊதியபிறகு பந்துக்காப்பாளர் கோலுக்குள் குந்தி, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டார். பதினொரு பேர் வேண்டுமென்று கேட்டவரே அவர்தானே! பாவம், தோற்றுத் தோற்றே பழகியதில் இவர்களுக்கு வெல்லுகிற முறை மறந்துவிட்டது என்று நினைத்தேன். எதிரணிக்காரர்கள் வந்து கைகொடுத்தார்கள். தோற்ற அவர்கள்தான் சிரித்தார்கள்.

நான் ஒற்றைச் செருப்போடு பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. பெரியம்மா தலைமுழுகிவிட்டு, ஈரக்கூந்தலை விரித்தபடி வாசல்படியில் இருந்தார். தலையிடிக்காரர் யாராவது பொழுதுபடும் நேரத்தில் முழுகுவார்களா?

"பெரியம்மா, வெண்டிட்டம்! ஒண்டுக்குப் பூச்சியம்!"

"ஆர் இடப்பக்கம் இறங்கினது?"

"அந்தக் குட்டிப் பெடியன். முதல் விசிலுக்கே இறங்கிட்டான்!"

"நேரத்துக்கு இறங்கினவனோ?"

"ஓம்."

"சப்பாத்து அளவோ?"

"அளவெண்டால் அளவு!"

"நல்லது" என்றார் பெரியம்மா.

இருட்டுவதற்குள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாமா பக்கத்து வீடுகளில் ஆட்கள் இருக்கக் கதிரை இரவல் வாங்கி முற்றத்தில் போட்டார். வெற்றி விருந்துதான், வேறென்ன? ஆனால் கோலைப்பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. அந்தக் குறையைப் போக்க, நானே முற்றத்தின் நடுவில் நின்று கோலை நடித்துக் காட்டினேன். மாமாவின் தலையாக என் தலையையும் பந்தாக ஒரு தேங்காய்ப் பொச்சையும் பாவித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் தடுக்கவுமில்லை. பெரியம்மா வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. அம்மாதான் எங்கள் வீட்டிலிருந்து சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்துக் கொண்டுவந்தார். விருந்துக்கு ஒரு நண்டுகூட இல்லையே என்ற மனக்குறையோடு இரண்டுதரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

வந்தவர்கள் எழும்பினார்கள். பந்துக்காப்பாளர் போனார், குட்டிப் பெடியன் போனான், மற்றவர்கள் போனார்கள். ஒருவராவது பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை; பேசாமல் எழும்பிப் பேசாமல் படலையைத் தாண்டினார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடவேண்டும் என்பது அம்மா எனக்கு அடித்துப் பழக்கிய மரியாதை. எந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடாது என்பதை அவர் இன்னும் பழக்கியிருக்கவில்லை.

இந்தப் பெரிய ஆட்களுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும் என்று, படலையடியில் திரும்பி நின்று சத்தமாகச் சொன்னேன்: "பெரியம்மா, போட்டு வாறன்!"

ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பெரியம்மா ஈரக்கூந்தலுக்குள்ளிருந்து முகத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஓம் ராசா" என்றார். "வா."

அம்மா என் கையில் கிள்ளினார், தோல் உரிகிறமாதிரி. சோற்றை இரண்டுதரம் வாங்கித் தின்றதற்குத்தான் அந்தக் கிள்ளு என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.