ஏரியலைப் பிடித்து நின்றவர்

அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த அன்று பஸ் டிரைவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு ஸ்டியரிங் வெச்சா நானே டூட்டிக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன்" என்றார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போது சுருக்குவதுபோல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெட்டியின் முகத்தையே பார்த்திருந்தாள். தேக்குப் பலகை உடம்பு, மஞ்சளாகிப் போன கண்ணாடி, அதற்குப் பின்னால் அலைவரிசைக் கோடுகள், கீழே பெரிய பெரிய குமிழ்கள். தெருமுனை ஓட்டல்காரர் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த பழைய வால்வு ரேடியோ. "பாடினா உங்க அதிர்ஷ்டம்மா, பாடலைன்னா மேல பூந்தொட்டி வைங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

தெருவில் அவளுக்குப் பெயர் தையல்காரம்மா. தகப்பனைப் பறிகொடுத்த வாரத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள், அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். தம்பிகளைப் படிக்க வைத்தது அந்த மெஷின். கல்யாணத்தன்று காலையில்கூட யாருடைய சட்டைக்கோ பித்தான் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் மாலைக்குக் கழுத்தை நீட்டினாள். 'முடியாது' என்ற சொல் அவள் வாயில் வராது. 'இருங்க, பார்க்கிறேன்' என்பாள். பார்த்துவிட்டால் முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

இப்போது அவள் முடிக்க நினைத்த காரியம், பெற்ற மகளுக்கும் பெற்றவருக்கும் நடுவில் கிழிந்து கிடந்ததைத் தைப்பது.

ஒரே மகள். படிப்பு முடித்ததும் டிரைவர் தன் போக்குவரத்து அலுவலகத்தில் மேலதிகாரிகளின் வாசல் வாசலாக நின்று அவளுக்கு ஒரு குமாஸ்தா வேலை வாங்கி வைத்தார். அவளோ கடல் கடந்த ஒரு நாட்டின் வானொலி நிலையத்தில், தமிழ்ப் பிரிவில் வேலை கிடைத்ததென்று கிளம்பிவிட்டாள். "பேசிப் பொழைக்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா? நான் யார் யார்கிட்ட தலை குனிஞ்சு நின்னேன்னு தெரியுமா?" என்று கேட்டவர்தான், அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் விமானம் ஏறிய அன்று வேண்டுமென்றே கூடுதல் டூட்டி கேட்டு வாங்கி பஸ் ஓட்டினார். தொலைபேசி மணி அடித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பாசம் இல்லாமலா? பாசம் இருந்ததால்தான் அந்தக் கோபம் அப்படி வேர் பிடித்திருந்தது.

போன வாரம் மகள் பேசினாள். இத்தனை நாள் மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, வரும் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிச் செய்தியை வாசிக்க முதல்முறையாக வாய்ப்பு. சந்தோஷம் சொல்ல வந்தவளின் குரல் பாதியில் உடைந்தது.

"அம்மா, இங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கச் சொல்றாங்க. அப்பா பேசாம என்னால முடியலம்மா. வெள்ளிக்கிழமை வாசிச்சு முடிச்சதும் போன் பண்றேன். இருக்கட்டுமா, மூட்டையக் கட்டட்டுமான்னு நீயே சொல்லிடு."

"வாசிக்கிற வேலைய ஒழுங்கா பாரு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள் தாய். போனை வைத்த கையோடு ஓட்டல்காரரைத் தேடிப் போனாள். வீட்டிலிருந்த சின்ன டிரான்சிஸ்டர் உள்ளூர் நிலையத்தைத் தாண்டாது. கடல் தாண்டி வரும் குரலைப் பிடிக்கச் சிற்றலை வேண்டும். அது அந்தப் பரண் பெட்டியில் இருந்தது. தொலைபேசியை விட்டு ஓடுகிற மனிதர், வீடு முழுக்க நிறைகிற குரலை விட்டு எங்கே ஓடுவார்? இது அவள் கணக்கு. அவரிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமையும் கூடுதல் டூட்டிதான்.

பெட்டியை உயிர்ப்பிக்க ரேடியோ மெக்கானிக் வந்தார். எந்நேரமும் கையில் பற்றவைக்கும் ஈயக்கம்பியோடு திரிவதால் ஊருக்கே அவர் 'ஈயம்'.

"அக்கா, எடுத்தவுடனே பிளக்ல சொருகிடாதீங்க. இத்தனை வருஷம் தூங்கினவனை உலுக்கி எழுப்பினா நெஞ்சு வெடிச்சிடும்" என்று சொல்லி, பழைய கண்டென்சர்களைக் கழற்றிப் புதிது போட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பை இணைத்து, அதன் வழியாக மின்சாரத்தைக் கொஞ்சமாகப் பாய்ச்சினார். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. புழுதி கருகும் வாடை வந்து அடங்கியது.

"ஷாக் அடிக்குமா தம்பி?"

"உள்ள டிரான்ஸ்பார்மர் இருக்குக்கா. இதுல ஏரியல் கம்பிய நீங்க கழுத்துல மாட்டிக்கிட்டாலும் ஒண்ணும் ஆகாது. அது இல்லாத பெட்டின்னா நான் கையே வெச்சிருக்க மாட்டேன்."

ஏரியல் கட்டும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஜன்னலிலிருந்து மொட்டைமாடித் தூண் வரைக்கும் செம்புக் கம்பி. கம்பி சுவரிலோ இரும்பிலோ பட்டால் வருகிற அலை மண்ணுக்குள் இறங்கிவிடும். இரண்டு நுனிக்கும் பீங்கான் குமிழ் வேண்டும் என்றார் ஈயம். கடையில் கிடைக்கவில்லை. அவள் தன் டப்பாவைக் கவிழ்த்து, ஓவர்கோட்டுக்கு வைக்கிற தடித்த பித்தான்களைப் பொறுக்கினாள். ஒரு துளையில் கயிறு, எதிர்த் துளையில் கம்பி.

"பித்தான் வெச்ச ஏரியல இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று ஈயம் சிரித்தார். சிரித்துக்கொண்டே இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

அடுத்த மாலைகளில் அவள் பழகிக்கொண்டாள். பெட்டி சூடேறும் வரைக்கும் நிலையம் தானாக நழுவும், ஆகவே முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். தையல் மெஷின் மோட்டார் ஓடினால் ரேடியோ கரகரக்கும், டியூப் லைட் எரிந்தால் இரையும். பெரிய குமிழால் கிட்டே போய், சின்னக் குமிழால் மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். நிலையம் சரியாகச் சிக்கினால் கண்ணாடி மூலையில் இருக்கும் பச்சை விளக்குக் கண் இமை சேர்ப்பதுபோல் குவியும். இரண்டு அடாவடி நிலையங்களுக்கு இடையே, ஒல்லியான இடத்தில் மகளின் நிலையம் இருந்தது. அதை அவள் கண்ணை மூடிக்கொண்டே தொடக் கற்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மெஷினை நிறுத்தினாள், டியூப் லைட்டை அணைத்தாள், பெட்டியைச் சூடேற்றினாள். பச்சைக் கண் குவிந்தது. தமிழ்ப் பிரிவு தொடங்குவதற்கான இசை கணீரென்று கேட்டது. எல்லாம் கச்சிதம்.

அப்போதுதான் மாடியில் 'டங்' என்று ஏதோ தெறித்தது. இசை அப்படியே இரைச்சலுக்குள் அமுங்கியது. பச்சைக் கண் அகல விரிந்தது.

டிரைவர் காலி வாளியோடு படியிறங்கி வந்தார்.

"கொடின்னு கட்டினா கொஞ்சம் உறுதியா கட்டக் கூடாதா? யூனிஃபார்மப் போட்டதும் அறுந்து பக்கத்து வீட்டுக் கொல்லைல விழுந்துடுச்சு."

"அது கொடி இல்லங்க. ஏரியல்."

"அதுல கிளிப்பு மாட்டக்கூட வசதியா இருந்துச்சே."

வேறொரு நாளென்றால் அவள் ஒரு மணி நேரம் பேசியிருப்பாள். இப்போது ஜன்னலைப் பார்த்தாள். பெட்டியிலிருந்து வந்த கம்பியில் ஒரு முழம் மட்டும் மிச்சம் தொங்கியது. அதன் நுனியை அவள் பற்றியதும் இரைச்சலுக்குள்ளிருந்து இசை தலைநீட்டியது. விட்டாள், போயிற்று. மனித உடம்பும் ஏரியல்தான்! ஆனால் குமிழைத் திருப்ப அவள் வேண்டும். கம்பிக்கு இன்னோர் ஆள் வேண்டும்.

"அறுத்தவர் நீங்கதானே. இதைப் பிடிச்சுட்டு நில்லுங்க. இன்னொரு கைய ஜன்னலுக்கு வெளிய நீட்டுங்க."

"பஸ்ஸ நிறுத்தற மாதிரியா?"

"ஆமா. வண்டி வரும். நில்லுங்க."

குற்ற உணர்ச்சியோ என்னவோ, முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். ஆறடி மனிதர். பச்சைக் கண் மெல்ல மெல்லக் குவிந்தது. அவள் சின்னக் குமிழை மூச்சடக்கி நகர்த்தினாள். இசை தெளிந்தது, ஓய்ந்தது. ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, செய்தி வாசிப்பது யார் என்று தன் பெயரைச் சொன்னது.

அந்தப் பெயரை, பிறந்த குழந்தையின் காதில் முதன்முதலாகச் சொன்னவர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

அவர் கை தானாக விட்டது. மகளின் குரல் புயலில் அகப்பட்ட விளக்காக அணைந்தது. வீடு முழுக்க வெறும் இரைச்சல். டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. குமிழிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"போன் அடிச்சா எழுந்து போறது சுலபங்க. இது அப்படி இல்ல. நீங்க கைய எடுத்தா அவ போயிடுவா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்களாம், இவ வேலைய விட்டுட்டு வந்துடறேன்னு சொல்லிட்டிருக்கா. வந்தா உங்க பக்கத்துல இருப்பா, ஆனா இந்தக் குரல் இருக்காது. அப்புறம் உங்க இஷ்டம்."

இரைச்சல் நீண்டது. ஒரு பெரிய பஸ்ஸைக் குறுகிய சந்துக்குள் திருப்புவதுபோல், அவர் முகம் முன்னும் பின்னுமாகத் திணறியது. பிறகு அந்த முரட்டு விரல்கள் செம்புக் கம்பியைத் தேடிப் பிடித்தன.

குரல் திரும்பி வந்தது. எங்கோ வெள்ளம், எங்கோ உடன்படிக்கை, ஏதோ ஒரு துறைமுகத்தில் வேலை நிறுத்தம். டிரைவருக்கு உலகச் செய்தி எதுவும் ஏறியிருக்காது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட அவரிடம் கை இல்லை. ஒன்று கம்பியில், ஒன்று ஜன்னலுக்கு வெளியே. தெருவில் போன ஒருவர் தனக்குத்தான் கை காட்டுகிறாரென்று நினைத்துப் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

"கை வலிக்குதா?" என்றாள் அவள், செய்திக்கு நடுவே.

"சும்மா இரு. கேக்க விடு."

செய்தி முடிந்து வெகு நேரமாகியும் அவர் கம்பியை விடவில்லை. தொலைபேசி அடித்தபோதுதான் விட்டார். அவள் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் எடுத்தவர் அவர்தான்.

"அப்பாதான்" என்றார். ஒருமுறை கனைத்துக்கொண்டார். "தொடக்கத்துல ரொம்ப வேகமா எடுக்கற. ஆளுங்க ஏறி உக்கார வேணாமா? முதல் கியர்ல கொஞ்ச தூரம் போ, அப்புறம் அழுத்து. வேலை நிறுத்தச் செய்தி நல்லா வாசிச்ச."

மறுமுனையில் மகள் விம்முவது அறைக்கே கேட்டது.

"அழாத. நாளைக்கும் நீதான் வாசிக்கறியா? இல்லையா? சரி, என்னிக்கு வாசிக்கறியோ முன்னாடியே சொல்லிடு. நான் டூட்டிய மாத்தி வாங்கிக்கறேன். ரெண்டு வருஷம்தானே, இருந்துட்டு வா. இந்தா, உங்கம்மா."

தையல்காரம்மா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள். டிரைவர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, யூனிஃபார்மையும் கம்பியையும் கேட்டு வாங்கப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.