கை கொடுக்காமல் நின்ற அக்கா: தங்கச்சிமடத்தில் மூன்று நாட்கள்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் அய்யாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும் அபிராமத்திலிருந்து தங்கச்சிமடம் போய் வந்தோம். ராமேஸ்வரம் தீவுக்குப் போகிறவர்கள் கோயில், பாலம், தனுஷ்கோடி என்று எழுதுவார்கள். நாங்கள் போனது என் அக்கா கார்த்திகாவைப் பார்க்க. அவள் எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். அவர்கள் படிப்பில், பிடித்த துறை ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சில வாரம் பயிற்சி எடுக்கலாம். எலெக்டிவ் என்பார்கள். அக்கா மறுவாழ்வு மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது சித்தப்பா, "குடிகாரங்களத் திருத்துறதா தாயி?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. மறுவாழ்வு மையம் என்ற பலகையை அவர் குடியை நிறுத்த வைக்கிற இடத்தில்தான் பார்த்திருக்கிறார். விபத்திலோ நோயிலோ கை கால் இழந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் ஆகியோரை மறுபடி தங்கள் வேலையைத் தாங்களே செய்ய வைக்கும் மருத்துவம் இது. நூலகத்தில் கிடைத்த ஒரே ஒரு புத்தகத்தை நான் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலை 6.10க்கு டவுன் பஸ்ஸில் பரமக்குடி. பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அய்யாவுக்கு மட்டும் டிக்கெட். அங்கிருந்து ராமநாதபுரத்துக்கு ஆளுக்கு முப்பது ரூபாய். ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் பஸ் ஏறினால் தங்கச்சிமடம் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், நாற்பது ரூபாய். இடது பக்க ஜன்னலும் நல்லதுதான், வலது பக்க ஜன்னலும் நல்லதுதான், பாம்பன் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். அய்யா பாலத்தைத் தாண்டும் வரை முன் சீட்டுக் கம்பியை விடவில்லை.

அக்காவின் கல்லூரிக் குழு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டிருந்தது. ஒரு மூத்த பெண் மருத்துவர், அவரை எல்லோரும் மேடம் என்றார்கள். மாணவர்கள் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நோயாளி, பயிற்சி முடியும் வரை அவர்தான். அக்காவுக்குக் கிடைத்தவர் செபஸ்தியம்மாள். வயது ஐம்பது இருக்கும். சர்க்கரைப் புண்ணால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தியிருந்தார்கள். காலை இழப்பதற்கு முன் இங்கே கரையில் மீன் வாங்கி, பஸ் ஏறி உச்சிப்புளியில் விற்றவர்.

முதல் நாளே அக்கா அவரிடம், "உங்களுக்கு என்ன செய்யணும்மா?" என்று கேட்டாளாம். "பஸ்ஸுல ஏறணும். ஒருத்தரும் பிடிக்காம ஏறணும்" என்றாராம். காரணம் இருந்தது. கூட ஆள் இல்லாமல் பஸ் ஏறக்கூடாது, இல்லையென்றால் யாவாரம் வேண்டாம், வீட்டில் இரு என்று மகன் சொல்லிவிட்டார். கூட அனுப்ப ஆள் கிடையாது. சனிக்கிழமையோடு முகாம் முடிகிறது. அதற்குள் ஏறிக் காட்டவில்லையென்றால் அவர் யாவாரம் அவ்வளவுதான்.

அக்கா பஸ் படியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, தச்சரிடம் அதே உயரத்தில் மரப்பெட்டி செய்து வாங்கியிருந்தாள். பக்கத்தில் இரண்டு கம்பிகளும் உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். செபஸ்தியம்மாள் எனக்காகவே நாலு தடவை ஏறி இறங்கிக் காட்டினார். "பாத்துக்க, பிறகு கதை எழுதுறப்ப தப்பா எழுதிராத" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நிஜ பஸ். நாங்கள் எல்லோரும் நிறுத்தத்தில் நின்றோம். செபஸ்தியம்மாள் இடுப்பில் பழைய அலுமினிய அன்னக்கூடை, அது நிறைய நகரை மீனும் சூடை மீனும். பஸ் வந்தது. அவர் வழக்கப்படி அன்னக்கூடையை இரண்டு கையாலும் தூக்கி இரண்டாவது படியில் வைக்கக் குனிந்தார். இரண்டு கையும் கூடையில். கம்பியில் ஒரு கையும் இல்லை. உடம்பு முழுக்க அந்தப் புதுக் காலில் சாய்ந்தது, ஆடியது. கண்டக்டர் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

ஏறியாகிவிட்டது. ஆனால் செபஸ்தியம்மாள் அங்கேயே நின்றார். "எறக்கி விடுங்க" என்றார். இறங்கி, கூடையைத் தரையில் வைத்துவிட்டு, "தூக்கிப் போடுறதுக்கு நான் என்ன மூட்டையா?" என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. அன்று மீனைப் பக்கத்து வீடுகளிலேயே விலை குறைத்துக் கொடுத்தார்.

அய்யா என்னிடம் மெதுவாக, "ஒரு ஆளக் கூட அனுப்பிச்சா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்குத்தா டாக்டரு?" என்றார். அக்காவுக்குக் கேட்டிருக்கும். அவள் மரப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் அவளைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இத்தனை நாள் பழக்குனீங்களே, அவங்க கையில என்ன இருந்துச்சு?"

ஒன்றும் இல்லை. வெறும் கையோடு பழக்கியிருந்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தானே ஒரு கூடை மணலைத் தூக்கிக்கொண்டு, இடது கணுக்காலை மடக்காமல் பெட்டியில் ஏறிப் பார்த்தாள். ஒரு கை கம்பியில் இருக்கவேண்டும் என்றால் சுமை ஒற்றைக் கையில் அடங்கவேண்டும். மூடி போட்ட வாளி ஒன்றை எடுத்து வந்தாள்.

"வாளியில மீனா?" செபஸ்தியம்மாள் சிரித்துவிட்டார். "தண்ணி எறைக்கப் போறேன்னு நெனைப்பாக. மீனு கண்ணுல தெரியணும், டாக்டரு பிள்ள. மூடி வச்சா அழுகுன மீனுன்னு சொல்லிப்புடுவாளுக."

"பஸ்ஸுல மட்டும் வாளிம்மா. எறங்குன பிறகு உங்க இஷ்டம்."

"எறங்குன பிறகு கூடைக்கு எங்கன போவேன்?" என்று கேட்டவர், கொஞ்ச நேரம் வாளியின் கைப்பிடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு, "உச்சிப்புளி டீக்கடையில கூடையப் போட்டு வச்சிரலாம். அந்த ஆளு எனக்கு மாமன் முறை. கேட்டா ரெண்டு மீனு கேப்பான், அவ்வளவுதேன்" என்றார். கூடையை அன்றைக்கே உச்சிப்புளி பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு, பொழுது சாயும் வரை மணல் வாளியோடு பழகினார்கள். வலது கை கம்பியில். இடது கையால் வாளி இரண்டாவது படிக்கு. அதன்பிறகு நல்ல கால்.

சனிக்கிழமை காலை 7.20 பஸ். கூட்டம் அதிகம். அக்கா கண்டக்டரிடம், "அண்ணே, ரெண்டு நிமிசம் குடுங்க. அவங்களத் தொடாதீங்க" என்றாள். அவர் விசில் வாயில் இருக்க அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

செபஸ்தியம்மாள் கம்பியைப் பிடித்தார். ரோட்டோரம் மண் அரித்து, படி மரப்பெட்டியைவிட உயரமாக இருந்தது. வாளி மேலே போய்விட்டது. நல்ல கால் முதல் படியில். ஆனால் செயற்கைக் கால் மேலே வராமல் படி விளிம்பில் இடித்து நின்றது. அக்கா அவருக்குப் பின்னால், விழுந்தால் தாங்குகிற மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றாள். தொடவில்லை. அய்யா தன்னை அறியாமல் ஓரடி முன்னே போனார். "அய்யா, வேணாம்" என்றாள் அக்கா.

ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகவே சொன்னார்: "கைய விரிச்சிக்கிட்டு நிக்குது, தொட மாட்டேங்குது பாரு. தொட்டா மீன் வாடை ஒட்டிக்கிரும்னு பயம் போல, டாக்டரம்மாவுக்கு."

அக்காவின் காது மடல் சிவந்தது. கை மட்டும் அசையவில்லை.

செபஸ்தியம்மாள் இடுப்பைக் கொஞ்சம் வெளியே திருப்பி, காலைப் பக்கவாட்டில் சுழற்றி எடுத்து வைத்தார். முதல் படி. வாளியை மேலே தள்ளினார். இரண்டாவது. மூன்றாவது. உள்ளே போய்த் திரும்பி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே அந்த ஜன்னலோர அம்மாளைப் பார்த்தார். "இந்தக் காலு வெட்டுன இடம் இருக்குல்ல, அதைத் தெனம் கழுவித் தொடைச்சிக் கட்டு போட்டது அந்தப் பிள்ளைதேன். தொடாதேன்னு சொன்னது நானு. கொஞ்சம் தள்ளி உக்காரும்." அந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தார். உச்சிப்புளி போகும் வரை இரண்டு பேரும் சூடை மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

நாங்களும் அதே பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் கொடுத்துக்கொண்டே கண்டக்டர் அய்யாவிடம் கேட்டார்: "உங்க பிள்ளையா? என்ன டாக்டரு, பஸ்ஸுல ஏத்தி விடுற டாக்டரா?"

"ஏத்தி விடமாட்டா" என்றார் அய்யா. "அவுகளா ஏற வைப்பா. மறுவாழ்வு மருத்துவம்." அந்த இரண்டு சொல்லையும் அவர் அதுவரை சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு பாலத்தின் மேல் பஸ் போனபோது, கம்பியைப் பிடிக்க மறந்து, பின்னால் நின்ற அக்காவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு யாரைப் பார்த்துப் பெருமைப்படுவது என்றே தெரியவில்லை. மூன்று பேர் இருந்தார்கள்.

உச்சிப்புளியில் செபஸ்தியம்மாள் செயற்கைக் கால் முதலில், நல்ல கால் பிறகு என்று இறங்கினார். டீக்கடை மாமன் கூடையோடு வந்தார். இரண்டு மீன் கேட்கவும் செய்தார். அவர் தனியாக இறங்கியதை அக்கா வீடியோ எடுத்திருந்தாள். மகனுக்குக் காட்ட.

மருத்துவம் படிக்கிற அண்ணன், அக்காக்களுக்கு: உங்கள் எலெக்டிவ் பட்டியலில் இந்தத் துறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால், வேறு கல்லூரியில் செய்ய முதல்வர் வழியாக விண்ணப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள். ஒரே நோயாளியைக் கடைசி வரை பார்க்கவிடுகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள் என்று அக்கா சொல்லச் சொன்னாள். அவர் வீடு, வாசல், வேலை செய்கிற இடம் எல்லாவற்றுக்கும் ஒருமுறையாவது போய் வாருங்கள், கையில் என்ன சுமப்பார் என்று கேளுங்கள். டேப் ஒன்று, தொப்பி ஒன்று, மணலில் நடக்கிற செருப்பு ஒன்று போதும். தங்குவதற்கு அக்கா குழுவுக்கு ஊர்க்காரர்களே அறை பார்த்துக் கொடுத்தார்கள், சாப்பாட்டில் மீன் தினமும் உண்டு.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று. தங்கச்சிமடம் நிறுத்தத்தில் காலை பஸ் ஏறும்போது, மூடி போட்ட வாளியோடு ஒருவர் உங்களுக்கு முன்னால் நின்றால், வலது பக்கக் கம்பியை அவருக்கு விட்டுவிடுங்கள். கை நீட்ட வேண்டாம். ஏறிவிடுவார்.