பாரிலிருந்து கொண்டுபோன சுண்டல்

பக்கத்து வீட்டார் கொடுத்த சுண்டலை இன்று வாசனை பட்டதுமே தள்ளி வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன், எர்ணாவூர் ஒயின்ஷாப்பின் பின்னால், இப்போது இல்லாத ஒரு கீற்றுக் கொட்டகை பாரில், மூத்திரமும் பினாயிலும் கலந்த நாற்றத்தில், பாடம் நடத்தி முடித்துப் பள்ளிக்கூடம் விட்டதும் போய்க் குடிக்க உட்கார்ந்துவிடுவேன்; குடித்தவர்கள் எச்சில் கையால் அளைந்து மிச்சம் வைத்த சுண்டலை, பார் நடத்துகிறவர் மறுபடியும் குண்டானிலேயே கொட்டுவதை தினமும் பார்ப்பேன்.

கிளம்பும்போது, "இன்னா வாத்தியாரே, பாப்பாவுக்கு எடுத்துக்கினு போ," என்று அதிலிருந்தே ஒரு பொட்டலம் கட்டித் தருவார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூச்சப்பட்டு வாங்கிக்கொள்வேன். ஐந்து வயது மகள் வாசலிலேயே பிரித்துத் தின்பாள்.

"நைனா, உனுக்குப் பாதி வச்சிகீறேன்."

அவள் நீட்டியதை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

"எனக்கு வயிறு ரொம்பிடுச்சி. நீயே துன்னும்மா," என்பேன்.