ஏழாவது பெயர்

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால், ஓர் ஆணியில், கறுப்புக் குடை ஒன்று தொங்குகிறது. இரண்டு கம்பிகள் முறிந்துவிட்டன. மழைக்கு உதவாது. ஆனாலும் அதை எறிய நான் விடுவதில்லை. அது விரிந்து நான் பார்த்ததைவிட, மடித்தபடி தரையில் கிடந்து பார்த்ததே அதிகம். அதன் சொந்தக்காரர், இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, மலைக்கு வேலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் அடுத்தடுத்த வீடு.

அறுபதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் விடுமுறையில் பதுளையில் கார்னிவல் போட்டிருந்தார்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து புறப்பட்டோம். அவருக்கு நான்கு பிள்ளைகள், எனக்கு மூன்று. தெமோதரை ஸ்டேஷன் மேடையில் அவர் குடையை மடித்துத் தரையில் கிடத்தினார். அது காட்டிய கோட்டில் ஏழு பேரும் உயரப்படி நின்றார்கள். மூத்தவன் முருகேசு முதலில், நான்கு வயதான என் கடைக்குட்டி வசந்தி கடைசியில். அவர் பெயரைக் கூப்பிட, ஒவ்வொருவரும் “இருக்கேங்க” என்றார்கள். கடைசி “இருக்கேங்க” தன்னுடையது என்பதில் வசந்திக்குத் தாங்கமுடியாத பெருமை. அவள் சொன்ன பிறகுதான் அவர் “பெரட்டு கலையுது” என்பார். பதுளையில் இறங்கியதும் ஒரு பெரட்டு, கார்னிவல் வாசலில் ஒன்று, பெரிய ராட்டினத்தில் ஏறுமுன் ஒன்று, இறங்கியபின் ஒன்று. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “எமன் வந்து கூப்பிட்டாலும் இந்த மனுசன், பெரட்டுல பேர் இருக்கான்னு கேப்பாரு டீச்சர்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. டவுன் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். உடுப்பு மடிப்புக் கலையாமல் வந்திருக்கிற ஒரு டீச்சரின் பிள்ளைகளை, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையில் நிறுத்துகிறாரே என்று மனம் கூசியது. அந்தக் கூச்சத்தை இன்று எழுதும்போதும் கை நிற்கிறது. அக்காவும் என் கணவரும் டிக்கெட் வாங்கப் போயிருந்த நேரம், குதிரை ராட்டினத்தின் முன் அவர் மறுபடியும் குடையைக் கிடத்தியபோது நான் சொல்லிவிட்டேன். “போதும்ணே. இது பெரட்டுக் களம் இல்ல. லீவு நாள்லயாவது புள்ளைங்கள விடுங்க.”

அவர் முகம் மாறவில்லை. “சரிங்க டீச்சர்” என்று குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ராட்டினம் நின்றபோது ஆறு பிள்ளைகள்தான் எங்களிடம் வந்தார்கள்.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. வசந்தி, வசந்தி என்று கத்திக்கொண்டு ஓடினேன். சேற்றில் விழுந்தேன். என் கணவர் வாசல் பக்கம் ஓடினார். ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள், அடுத்த நிமிடமே பாட்டு அதை விழுங்கிவிட்டது. எழுந்து மறுபடி ஓடப் போனபோது என் முன்னால் அந்தக் குடை குறுக்கே நீண்டது.

“நில்லுங்க டீச்சர். நீங்க கத்துற கத்துக்குக் கிட்ட இருக்குற புள்ளகூட வராது.”

அவர் ராட்டினக்காரரிடம் போய்ச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பாட்டு நின்றது. தூறலில், சேற்றில் குடையைக் கிடத்தினார். ஆறு பிள்ளைகளும் அழுதுகொண்டே வரிசைக்கு வந்தார்கள். முருகேசுவிலிருந்து தொடங்கினார். கத்தவில்லை. பெரட்டுக் களத்தில் மலைச்சரிவு வரைக்கும் கேட்கிற அதே குரல், அதே நிதானம். ஆறு “இருக்கேங்க” வந்தன. “வசந்தி” என்றார். காத்திருந்தார். பதில் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு கடலைக் கடைகள் பக்கம் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அங்கும் இல்லை.

“அவ பேரை மட்டும் கூப்பிடுங்களேண்ணே” என்று கெஞ்சினேன்.

“வரிசையில கூப்பிட்டாதாங்க அவ முறை எப்ப வருதுன்னு அவளுக்குத் தெரியும்.”

மூன்றாவது இடம் வளையல் கடைகளின் பின்புறம். ஆறு பெயர்கள், ஆறு பதில்கள். பிறகு ஏழாவது பெயர். கடையின் பலகைத் தட்டுக்கு அடியில், தொங்கிய சீலைக்குப் பின்னாலிருந்து, மெல்ல வந்தது: “இருக்கேங்க.”

ராட்டினத்திலிருந்து இறங்கி வளையல் பார்க்கப் போனவள், நான் கத்தியதைக் கேட்டு, அம்மா அடிக்கப் போகிறாள் என்று பயந்து அங்கே ஒளிந்திருந்தாள். நான் அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர், “ஏழும் சரி. பெரட்டு கலையுது” என்று மட்டும் சொன்னார். பிறகு திரும்பி நின்று, தூறலுக்குக் குடையை விரிக்கப் பார்த்தார். முடியவில்லை. குடையின் விசை விரலுக்கு அகப்படவே இல்லை. அக்கா அதை வாங்கி விரித்து, அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

அவரை நான் மதிக்கக் காரணம் பிள்ளையைக் கண்டுபிடித்தது மட்டுமல்ல. அந்த ஒரு பெரட்டை நிறுத்தச் சொன்னது நான்தான் என்பதை அன்று அவர் சொல்லவில்லை, அதன் பிறகு அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த அத்தனை வருடங்களிலும் சொல்லவில்லை. அக்காவுக்கே அது தெரியாது என்று பின்னால் அறிந்தேன்.

எழுபதுகளின் நடுவில், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில், அவர்களுக்கும் போகும் கடதாசி வந்தது. அதே தெமோதரை மேடைக்கு வழியனுப்பப் போனோம். ரயில் ஜன்னல் வழியாகக் குடையை நீட்டினார். “அங்க மழை கம்மியாம். நீங்க வச்சுக்கங்க டீச்சர்.” நான் அதை வாங்கி மேடையில் கிடத்தினேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. முருகேசுவிலிருந்து கூப்பிட்டேன். நான்கு பேர் ரயிலுக்குள்ளிருந்து, மூன்று பேர் என் பக்கத்திலிருந்து பதில் சொன்னார்கள். ரயில் நகரத் தொடங்கியது. எட்டாவதாக, “கணக்கப்பிள்ளை அண்ணே” என்றேன். ஜன்னலில் அவர் தலை தெரிந்தது.

“இருக்கேங்க, டீச்சர்.”

வசந்திக்கு இப்போது பத்தொன்பது வயது. அடுத்த வாரம் படிக்கக் கொழும்புக்குப் போகிறாள். நாட்டில் தமிழர்களுக்குக் காலம் நன்றாக இல்லை, அனுப்பவும் பயம், நிறுத்தவும் மனமில்லை. நேற்று அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தூசி தட்டுகிற சாக்கில் ஆணியிலிருந்து குடையை எடுத்துக் கையில் வைத்தபடி வாசற்படியில் நின்றேன். துணியை மடித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமலே அவள் சொன்னாள்:

“இருக்கேங்க.”